லைனும் லயமும்

ஆங்கிலச் சொற்களுள் உருவிற் சிறியதும் ஆட்சியிற் பெரியதுமான ஒன்றைக் கூறுக எனின், 'லைன்' என்னும் சொல்லை முன்வைக்க யாம் தயங்கோம். பாலக்காட்டில் வாழும் தமிழர் ஒருவர் காலையில் எழுந்தது முதல் இரவு உறங்கப் போகும் வரை இச்சொல்லை எத்தனை முறை எடுத்தாள்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். மின்சாரம் நின்றுவிட்டால் 'லைனில் கோளாறு' என்கிறார். அதைச் சீர்செய்ய வருபவர் லைன்மேன். தொலைபேசியில் 'லைனிலேயே இருங்கள்' என்று வேண்டிக்கொள்கிறார். நியாயவிலைக் கடையில் லைனில் நிற்கிறார். ஊர்ப்புறங்களை இணைத்தோடும் தனியார் பேருந்தை மலையாள அன்பர்களோடு சேர்ந்து 'லைன் பஸ்' என்கிறார். மகன் என்ன செய்கிறான் என்று கேட்டால், 'கம்ப்யூட்டர் லைனில் இருக்கிறான்' என விடை வருகிறது. கோவைக்கும் திருப்பூருக்கும் பிழைக்கச் சென்ற உறவினர் குடியிருப்பதோ 'லைன் வீடு'. நம் இளைஞர்கள் 'லைன் அடித்தல்' என்று ஒன்றைச் சொல்வதுண்டு. அதன் பொருளைச் சங்க மலரில் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வாறு ஒரு சொல்லின் பல பொருளையும் திரட்டித் தருவது அகராதி வகுப்போர் பணி. அதற்கு எமக்குத் தகுதியும் இல்லை. இம்மலரில் இடமும் இல்லை. இச்சொல்லின் ஒரே ஒரு பொருள் சில காலமாக எம் உள்ளத்தை விடாது பற்றிக் கொண்டிருக்கிறது. அதற்குக் காரணமான நிகழ்ச்சியைக் கூறிவிட்டு வரலாற்றினுள் புகுவோம்.

யாம் எழுத்தராகப் பணிபுரியும் மைய அரசு அலுவலகத்திற்கு ஒருநாள் மலைப்பகுதி இளைஞர் ஒருவர் படிவம் ஒன்றை நிரப்பிக் கொண்டுவந்தார். 'நிலையான முகவரி' என்னும் இடத்தில் ஒரு தோட்டத்தின் பெயரும், அதன் கீழ் '6-ஆம் லயம்' என்றும் எழுதியிருந்தார். எமக்கு அடுத்த மேசையில் அமரும் நண்பர் பாலக்காட்டு அக்ரகாரத்தில் பிறந்தவர். இசை கேட்பதில் பெருவிருப்பம் உடையவர். அவர் எட்டிப் பார்த்து, "லயம் என்று ஒரு முகவரியா? அப்படியானால் சுருதி எந்தத் தெருவில் இருக்கிறது?" என்றார். அவர் நகையில் தீமை இல்லை. இளைஞரும் சிரித்துவிட்டு, "லைனைத்தான் சார் அப்படிச் சொல்கிறோம்" என்றார். ஆனால் எமக்கு நெஞ்சில் சுருக்கென்றது. யாம் பிறந்ததும் ஒரு லயத்தில்தான்.

இனிச் சொல்லின் பிறப்பைக் காண்போம். ஆளி என்னும் செடியை லத்தீன் மொழியில் 'லினும்' என்பர். அதன் நாரைத் திரித்து எடுத்த நூல் 'லினெயா'. 'லினன்' என்று நாம் சொல்லும் துணியும் அச்செடியின் வழி வந்த பெயரே. நூலை இரு முனையிலும் பிடித்து இழுத்தால் நேராகிறது. அந்நேர்மையிலிருந்து கோடு, கோட்டிலிருந்து எல்லை, எல்லையிலிருந்து பாதை, பாதையிலிருந்து தொழில், ஒன்றன்பின் ஒன்றாய் வருவதால் வரிசை, ஒருவர்பின் ஒருவராய்ப் பிறப்பதால் மரபு, ஏட்டில் எழுதும் அடி என்று பொருள்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்தன. ஆங்கிலேயர்க்கு இஃது ஏதோ தனிச் சிறப்பென்று எண்ண வேண்டா. நம் 'நூல்' என்னும் சொல்லும் பஞ்சிலிருந்து புறப்பட்டு இலக்கணம் வரை சென்றதுதான். நூல் என்னும் பெயர்க்குக் காரணம் கூறப் புகுந்த பவணந்தி முனிவர், பஞ்சை இழையாக நூற்பதையும், மரத்தின் கோணலைத் தீர்க்கத் தச்சன் பிடிக்கும் நூலையும் உவமையாக்கி நன்னூற் பாயிரத்தில் விளக்கியுள்ளார். 'வரி' என்றால் எழுத்தின் வரியும் உண்டு, புலியின் வரியும் உண்டு, அரசு கொள்ளும் வரியும் உண்டு. 'வரிசை'யோ நிற்கும் நிரலையும் குறிக்கும். பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் செய்யும் சீரையும் குறிக்கும்.

இவற்றுள் எமக்கு மிகவும் உவப்பானது 'கோடு' என்னும் சொல். தாளில் இழுப்பதும் கோடு. யானையின் கொம்பும் கோடு. மலையின் முகடும் கோடு. நம் தமிழகத்திற்கும் கேரளத்திற்கும் இடையே ஓடும் எல்லைக்கோடு பல இடங்களில் மலைக்கோட்டின்மேலேயே செல்கிறது. போடிமெட்டில் நின்று பார்ப்பவர்க்கு இவ்விரு பொருளும் ஒன்றாகத் தோன்றும்.

மலைத்தொடர் இடைமுறிந்து வழிவிட்ட இடம் பாலக்காட்டுக் கணவாய். 'லைன்' என்னும் சொல் முதன்முதல் நம் பகுதியுள் பெருமுழக்கத்தோடு புகுந்ததும் இவ்வழியேதான். சென்னை இரயில்வே நிறுவனத்தார் மேற்குக் கடற்கரையில் பேப்பூருக்கும் திரூருக்கும் இடையே 1861-இல் தம் பாதையைத் திறந்தனர். அடுத்த ஆண்டிலேயே அது கணவாயைக் கடந்து போத்தனூர்ப் பக்கத்தை எட்டியது. இன்று பாலக்காடு சந்திப்பு எனப்படும் நிலையத்தின் பழம்பெயர் ஒலவக்கோடு. அந்நிலையத்தைச் சுற்றிக் குடியேறிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில் மெயின் லைன், லூப் லைன், அப் லைன், டவுன் லைன் என்பன அடுப்படிச் சொற்களாயின. 'லைன் கிளியர்' என்பது ஒரு நிலையத்தார் அடுத்த நிலையத்தாரிடம் வண்டியை விட ஒப்புதல் பெறும் முறை. இப்போதோ கல்யாணத்திற்குப் பெண் வீட்டார் இசைந்துவிட்டாலும் 'லைன் கிளியர்' என்கிறோம். பொள்ளாச்சி லைன் 2015-இல் அகலப்பாதையாக மீண்டது. போடி லைனின் கதை இன்னும் நீண்டது. 1928-இல் திறந்து, இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்து, 1950-களில் மீண்டும் இட்டு, 2010-இன் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக மூடி, 2023-இல்தான் போடிநாயக்கனூர் வரை வண்டி மறுபடி வந்தது. மலைத்தோட்டங்களுக்கு ஆள் போனதும் அங்கிருந்து ஏலமும் தேயிலையும் இறங்கியதும் போடி வழியே என்பதால் இதை இங்கே குறித்தோம்.

ஆங்கிலேயர் 'லைன்ஸ்' என்று பன்மையில் சொன்னபோது அதற்கு வேறொரு பொருளும் இருந்தது. படைவீரர் தங்குவதற்கு நிரல் நிரலாக அமைத்த குடில்களை அவ்வாறு அழைத்தனர். சிங்கப்பூரில் 'சிப்பாய் லைன்ஸ்' என்றே ஒரு பகுதி உண்டு. தில்லியில் வாழும் நம் அன்பர்கள் 'சிவில் லைன்ஸ்' என்னும் பகுதியை அறிவர். அதிகாரிகளின் விரிந்த மாளிகைகள் இருந்த இடம் அது. காவலர் குடியிருப்பை 'போலீஸ் லைன்' என்று நம் ஊர்களிலும் சொல்கிறோம். அதிகாரிக்கு ஒரு லைன், சிப்பாய்க்கு ஒரு லைன். தோட்டத்துரைமார் ஆட்களுக்குக் குடியிருப்பு அமைக்க முற்பட்டபோது இரண்டாவதைத்தான் மாதிரியாகக் கொண்டனர் என்பதைக் கட்டடத்தின் உருவமே சொல்லும். 'கூலி லைன்ஸ்' என்று தம் கணக்கேடுகளில் எழுதினர். இத்தொடரின் முற்பகுதி தமிழ்ச் சொல்லே என்பது பலர் கருத்து. கூலியையும் கங்காணியையும் நாம் ஆங்கிலத்திற்குக் கொடுத்தோம். ஆங்கிலம் நமக்கு லைனைக் கொடுத்தது. கொண்டும் கொடுத்தும் நடந்த இந்த வாணிகத்தில் இலாபம் யார்க்கு என்பதைச் சொல்ல வேண்டுமோ?

மூணாற்று மலைகளின் கதையைச் சுருங்கச் சொல்வோம். 1877-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலை நிலத்தைக் குத்தகையாகப் பெற்றார். 1879-இல் வடதிருவிதாங்கூர் நில நடவு வேளாண் சங்கம் தோன்றியது. சிங்கோனா, காப்பி, ஏலம் எனப் பலவும் இட்டுப் பார்த்தனர். 1880-இல் ஏ. எச். ஷார்ப் என்பவர் பார்வதி என்னும் இடத்தில் தேயிலை நட்டார். 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவாயிற்று. அம்மலையில் ஒரு சிறு இரயிலும் ஓடியது என்பதை நம் குழந்தைகள் பலர் அறியார். குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908-இல் இருப்புப்பாதையாக மாறிய அந்த லைன், 1924-ஆம் ஆண்டு ஜூலைப் பெருவெள்ளத்தில் அழிந்துபட்டது. மலையாளத்தார் அதனைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பர். கொல்லம் ஆண்டு 1099 அது. டாப் ஸ்டேஷன் என்னும் பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் குரங்கணிப் பக்கம் தேயிலைப் பெட்டிகள் இறங்கியதுண்டு.

பெட்டிகள் இறங்கிய வழியில் மனிதர் ஏறினர். தேனி, மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர்களில் கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தனர். எம் பாட்டனார் அவ்வாறு ஏறி வந்தவர்களுள் ஒருவர். குளிரை அறியாத மக்கள் ஒற்றை வேட்டியோடு அம்மலைக்கு வந்து பட்ட பாட்டை எழுத ஏடு கொள்ளாது. பக்கத்து ஆனைமலைத் தோட்டங்களின் நிலையை மருத்துவர் பி. எச். டேனியல் 'ரெட் டீ' என்னும் பெயரில் ஆங்கில நாவலாக 1969-இல் எழுதினார். அது 'எரியும் பனிக்காடு' எனத் தமிழிலும் வந்துள்ளது. மலைவாழ்வை அறியாத இளையோர் அதனைத் தேடிப் படிப்பது நன்று.

வந்தவர்க்குக் கிடைத்த உறைவிடம் லைன். நீண்ட ஒரே கட்டடம். இடையிடையே சுவர் எழுப்பி ஆறாகவோ எட்டாகவோ பத்தாகவோ பிரித்த வீடுகள். ஒரு குடும்பத்திற்கு ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, முன்னே சிறு திண்ணை. கூரை ஒன்று, சுவர் பொது. ஒருவர் இருமினால் மூன்றாம் வீட்டில் கேட்கும். ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் லயம் முழுவதும் மணக்கும். யாம் சிறுவனாய் இருந்தபோது பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை இரவில் அழுதால், எம் அன்னையார் இங்கிருந்தபடியே சுவரைத் தட்டித் தாலாட்டுச் சொல்வார். அக்குழந்தை இன்று திருப்பூரில் பனியன் நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறான்.

'லைன்' எவ்வாறு 'லயம்' ஆயிற்று? இதில் இலக்கணம் கற்றோர் மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. தோட்டத்தில் எழுதப் படிக்க அறியாத மக்கள்தாம் இதைச் செய்தனர். எனினும் தமிழ் மரபு பிறழாமல் செய்தனர். ஐகாரத்தை 'அய்' என ஒலிப்பதும் எழுதுவதும் தொல்காப்பியர் காலத்திலேயே சொல்லப்பட்டது. எனவே லைன், 'லய்ன்' ஆகும். யகர ஒற்றும் னகர ஒற்றும் சொல்லின் இறுதியில் சேர்ந்து நிற்பதைத் தமிழ் நாக்கு ஏலாது, இடையில் ஓர் அகரம் புகுந்தது, 'லயன்' ஆயிற்று. நிலம் நிலன் எனவும், நலம் நலன் எனவும், கலம் கலன் எனவும் மகரமும் னகரமும் தம்முள் மாறி வருவதை நன்னூலார் போலி என்பதனுள் அடக்கினார். அம்முறையில் லயன் 'லயம்' ஆகிவிட்டது. இஃது எம் கருத்தே. அறிஞர் வேறு கூறின் ஏற்போம். ஆயினும் இலங்கை மலையகத்தில் லயன், லயம் ஆகிய இரு வடிவங்களும் இன்றும் வழங்குவது எம் கருத்துக்கு அரணாகும். லகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது என்று கூறி 'இலயம்' என எழுதப் புலவர் ஒருவர் எம்மைப் பணித்தார். பத்துப்பேர் படுத்துறங்கிய அறைக்கு முன்னே இன்னும் ஓர் இகரத்தைக் கொண்டுவந்து நிறுத்த எமக்கு மனம் வரவில்லை.

எம் தந்தையார் வேறொரு பொருள் கொண்டிருந்தார். 'துரையின் குதிரைக்கு லாயம். நமக்கு லயம்' என்பார். சொல்லாராய்ச்சியில் அது பிழை. வரலாற்றில் பிழை என்று சொல்ல எம்மால் இயலாது.

இச்சொல் கடலும் கடந்தது. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட பின் மலைநாடெங்கும் லயங்கள் எழுந்தன. அங்கே அறையைக் 'காம்பிரா' என்பர். அது போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல். லயத்துக் காம்பிரா என்னும் தொடரில் ஆங்கிலமும் போர்த்துகீசியமும் கைகோத்து நிற்க, இடையில் அத்துச்சாரியை மட்டும் தமிழாய் உள்ளது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலும் லயமே வழங்கியது. வியப்பு என்னவெனில், அந்நாடுகளில் செடி வரிசைக்கும் மர வரிசைக்கும் நம்மவர் 'நிரை' என்னும் பழந்தமிழ்ச் சொல்லையே ஆண்டனர். எம் அன்னையாரும் கொழுந்து கொய்யும் வரிசையை நிரை என்றே சொல்வார். செடிக்குத் தமிழ்ச் சொல் கிடைத்தது. மனிதன் குடியிருந்த வரிசைக்குத்தான் கிடைக்கவில்லை. செடியை நட்டவன் தமிழன், லைனைக் கட்டியவன் துரை என்பது ஒருகால் காரணமாகலாம்.

1964-இல் சாஸ்திரி - சிறிமாவோ உடன்படிக்கை ஏற்பட்டபின் இலங்கையிலிருந்து இலட்சக்கணக்கானோர் தாயகம் திரும்பினர். நீலகிரிக்குப் பலர் சென்றனர். கேரளத்தில் புனலூர் இரப்பர்த் தோட்டங்களுக்கும், வண்டிப்பெரியாற்றுக்கு அப்பாலுள்ள கவிக்கும் சிலர் வந்தனர். நாடு மாறிய அவர்கள் இங்கும் புகுந்தது லயத்திலேயே. கொண்டுவந்த சொல்லுக்கும் இங்கிருந்த சொல்லுக்கும் வேறுபாடு இல்லாமையால் முகவரி எழுதுவதில் அவர்களுக்கு இடர்ப்பாடு நேர்ந்திராது.

இனி எம் நண்பரின் லயத்திற்கு வருவோம். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. பாலக்காட்டில் லயம் என்றவுடன் நினைவுக்கு வருபவர் மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர். 1912 முதல் 1981 வரை வாழ்ந்த அப்பெரியாரின் கைகளில் லயம் கண்ட உருவத்தைக் கேட்டோர் இன்றும் சொல்லி மாய்வர். செம்பை வைத்தியநாத பாகவதரும் இம்மண்ணினரே. வடமொழியில் லயம் என்பது ஒன்றில் ஒன்று கரைந்து சேர்தல். சுருதி தாய், லயம் தந்தை என்பது இசைவாணர் வாய்மொழி. ஒரே மாவட்ட எல்லைக்குள் கல்பாத்தியில் லயம் என்றால் காலப்பிரமாணம். நெல்லியாம்பதித் தோட்டத்திற்கு ஏறினால் கூலியாளின் குடியிருப்பு.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. கல்பாத்தி அக்ரகாரமும் ஒரு லைன்தான். பல நூற்றாண்டுகளுக்கு முன் சோழநாட்டுப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் பாலக்காட்டு அரசரின் ஆதரவில் குடியேறி அமைத்த கிராமங்கள் அவை. அங்கும் வீடுகள் நிரலாக நிற்கின்றன. பக்கச் சுவர்கள் பொதுவானவை. ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து அடுத்த வீட்டுத் திண்ணைக்குத் தெருவில் இறங்காமலே பேச்சுப் போகும். நண்பரின் வீட்டிற்கு யாம் முதன்முறை சென்றபோது, திண்ணையில் அமர்ந்ததும் எம் லயத்தின் நினைவே வந்தது. அவரிடம் அதைச் சொல்ல அன்று கூச்சமாயிருந்தது. பிற்பாடு சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "ஆனால் இது எங்கள் பெயரில் இருக்கிறது" என்றார். வேறுபாடு அவ்வளவே, அவ்வளவும் அதுவே. வீட்டிற்குப் பின்னால் தோட்டமும் கிணறும் ஆறும் அவர்க்கு உண்டு. கோயிலும் தேரும் உண்டு. அவர் பாட்டனாரின் பாட்டனார் இறந்த அறை எது என்று சுட்டிக்காட்டவும் இயலும்.

எல்லைகளைப் பற்றியும் ஒரு சொல். தாளில் கீறிய கோடு மனிதரை ஆள்வது மலைநாட்டில் மிகுதி. முல்லைப்பெரியாற்றைக் கொள்க. 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் இந்திய அமைச்சருக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. குத்தகை நிலம் எது என்பதை எப்படி வரையறுத்தனர் தெரியுமா? அணை எழும் இடத்தில் ஆற்றுப்படுகையின் மிகத் தாழ்ந்த புள்ளியிலிருந்து 155 அடி உயரத்தில் செல்லும் சமஉயரக் கோட்டிற்குக் கீழ்ப்பட்ட நிலம் என்றனர். ஆங்கிலத்தில் அதுவும் ஒரு லைன். காட்டில் எவரும் கல் நடாத, கண்ணுக்குப் புலனாகாத அந்த லைனுக்குள் ஏறத்தாழ 8000 ஏக்கர். ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். 1895-இல் அணை முடிந்தது. பின்னர் நீர்மட்டத்தை எந்த அடியில் நிறுத்துவது என்ற வழக்கு எத்தனை நடந்தது என்பதை யாவரும் அறிவோம். 2014-இல் உச்சநீதிமன்றம் 142 அடி என்றது. அடிக்கணக்கில் எழும் பூசலின்போதெல்லாம் குமுளியிலும் வண்டிப்பெரியாற்றிலும் உள்ள நம் மக்கள் கடையடைத்து வீட்டுக்குள் இருந்தனர்.

மாநில எல்லையும் அப்படியே. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களையும் கேட்டுப் போராடியது. 1956 நவம்பர் முதல் நாள் கோடு இடப்பட்டபோது தெற்கே நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன; தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அதே நாளில் அதுவரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டமாய் இருந்த பாலக்காடும் கேரளத்ததாயிற்று. 1972 சனவரி 26-இல் இடுக்கி மாவட்டம் பிறந்தது. எம் பாட்டனார் ஓரடியும் நகராமல் மூன்று ஆட்சிகளின் கீழ் வாழ்ந்து முடித்தார். லயத்தின் எண் மட்டும் மாறவில்லை.

தோட்டத் தொழிலாளர்க்கு வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. நல்ல சட்டம். வீடு வேலையோடு வருவதால் வாடகை இல்லை. மருத்துவமனை, பிள்ளைக் காப்பகம் முதலியனவும் உண்டு. ஆனால் வேலையோடு வரும் வீடு வேலையோடு போய்விடும். தந்தைக்குப்பின் மகனோ மருமகளோ பெயர்ப் பதிவு பெற்றால்தான் அக்குடும்பம் அங்கே தொடரலாம். ஆதலால் நன்றாகப் படித்த பிள்ளையையும், வீட்டைக் காக்க வேண்டிக் கொழுந்துக் கூடையோடு அனுப்பிய பெற்றோர் எம் லயத்திலேயே மூவர் உண்டு. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் 'பெண்பிள்ளை ஒருமை' என்ற பெயரில் தெருவில் அமர்ந்தபோது ஊதியமும் போனசும் மட்டுமே செய்தித்தாள்களில் பெரிதாக வந்தன. அவர்கள் பேச்சில் லயத்து ஒழுகும் கூரையும் இருந்தது.

எம் தந்தையார் ஓய்வு பெற்றது 2006-இல். எம்மைப் பட்டப்படிப்புப் படிக்க வைத்தார். தமக்கை மணமாகிக் கம்பத்தில் இருந்தார். தோட்டத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பெயர் இல்லை. குறித்த நாளில் வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும். அன்று அன்னையார் அடுப்பை மெழுகிக் கோலமிட்டார். 'விட்டுவிட்டுப் போகிற வீட்டுக்கு ஏனம்மா?' என்று கேட்டோம். 'வருகிறவள் அழுக்கு வீட்டிலா அடுப்பு மூட்டுவாள்?' என்றார். நாற்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்த அறையின் பொருள்கள் ஒரு ஜீப்பில் அடங்கிவிட்டன.

2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. 70 பேர் மாண்டனர். நால்வர் உடல் கிடைக்கவே இல்லை. மாண்டோரில் மிகப் பலரின் முன்னோர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பக்கமிருந்து ஏறி வந்தவர். சுவர் பொது, கூரை ஒன்று என்று முன்னே எழுதினோம்; அன்றிரவு அதன் பொருள் வேறாயிற்று. ஒரு குடும்பத்தில் ஒருவர் என்றில்லை. ஒரே குடிவழியினர், மாமன் மச்சான், அக்காள் தங்கை என்று அடுத்தடுத்த அறைகளில் வாழ்ந்தவர் மொத்தமாய்ப் போயினர். செய்தி வந்த நாட்களில் மலையாள நாளிதழ்கள் எல்லாவற்றிலும் 'லயங்கள்' என்ற சொல்லே இருந்தது. நம் மக்கள் வாயிற் பிறந்த சொல் மலையாளத்திலும் நிலைத்துவிட்டதை யாம் கூர்ந்து கண்டது அப்போதுதான். எஞ்சியோரில் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாற்றுப் பள்ளத்தாக்கில் தனி வீடுகள் கட்டித் தரப்பட்டன.

அலுவலகத்து இளைஞரை அன்று பகலுணவு வேளையில் மீண்டும் கண்டோம். "அப்பாவுக்கு இன்னும் இரண்டு வருடம்தான் சார். நிலையான முகவரி என்று கேட்டிருக்கிறார்கள். நான் எழுதியது சரியா?" என்று வினவினார். விதிப்படி இன்றுள்ள முகவரியை எழுதுவதே முறை, மாறும்போது தெரிவிக்கலாம் என்றோம். அவர் தலையசைத்துச் சென்றார்.

மைய அரசு ஊழியர் விடுப்புப் பயணச் சலுகைக்காகத் தம் சொந்த ஊரை அறிவித்துப் பணிப்பதிவேட்டில் பதிய வேண்டும். பணிக்காலத்தில் ஒரே ஒரு முறை மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. யாம் பணியிற் சேர்ந்த நாளில் எழுதியது அந்தத் தோட்டமும் அந்த லயத்தின் எண்ணும். இன்று வரை மாற்றவில்லை. சென்ற ஆண்டு குடும்பத்தோடு போயிருந்தோம். எங்கள் அறையில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அவ்வீட்டுப் பெரியவர் முன்னர் அசாம் தோட்டங்களில் வேலை பார்த்தவராம். அங்கே குடியிருப்புக்கு என்ன பெயர் என்று எமக்குத் தெரிந்த இந்தியில் கேட்டோம். "லைன்" என்றார். அவருடைய பேரப்பிள்ளை, ஆறு வயதிருக்கும், பள்ளிக்குப் போகிறவள், தமிழில் திருத்தினாள்: "லைன் இல்லை தாத்தா, லயம்."